காய்ந்த வயலில் கிடத்தப்பட்டவர்

துரைராசு இறந்த அன்று அவருடைய வயல் பச்சையாக இருந்தது என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் யாருக்கும் உத்தரவிட்டதில்லை. கூட்டம் போட்டு முடிவெடுத்ததும் இல்லை. இருந்தும், மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் தன் கடைசித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகும் அந்தக் கடைமடை ஊரில், அன்றைக்கு வயலில் நின்றவர்களும் அதற்குப் பின் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மழை பொய்த்த வருடம் அது. மேட்டூரிலிருந்து வந்த தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. பிள்ளையைப் போல வளர்த்த சம்பா கண்ணெதிரே கருகியது. அதைப் பார்த்த துரைராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்தார்.

இந்தக் கதையில் பெரும்பகுதி உண்மைதான். மழை பொய்த்தது உண்மை. சுற்றிலும் வயல்கள் வெடித்துக் கிடந்ததும், அக்கம்பக்கத்து ஊர்களில் அப்படியே சாய்ந்துபோனவர்கள் இருந்ததும் உண்மை. துரைராசுவின் ஒரு வயல் மட்டும் கதைக்கு வெளியே பச்சையாக நின்றது. காரணம், வாய்க்காலில் மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீரை ஊர் முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, கடைசி முறைக்காரரான அவர், தன் முறைக்குள் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று பயந்து, ஒரு விடியற்காலையில் வாய்க்கால் மதகின் ஷட்டரைத் தூக்கித் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார்.

முறை மீறித் தண்ணீர் எடுத்தவனை அந்த ஊரில் அடிப்பதில்லை. திட்டுவதுமில்லை. அவனோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர் இருந்தால்தானே அதைப் பற்றிப் புகார் எழுத முடியும்? டீக்கடையில் கிளாஸ் முன்னால் வரும். வைப்பவரின் கண் டிவியில் இருக்கும். கோயிலில் விபூதி கிடைக்கும். கொடுக்கிற கை அடுத்தவரிடம் நகர்ந்திருக்கும். களை பறிக்கும் பெண்கள் அவன் வயலைத் தாண்டி அடுத்த வயலில் இறங்குவார்கள். எதுவும் மறுக்கப்படுவதில்லை. வார்த்தை மட்டும் தரப்படுவதில்லை.

துரைராசு அந்த மௌனத்துக்குள் மெல்ல மெல்லச் சுருங்கினார். வீட்டில் மனைவி அமிர்தம் பேசினாள். அது அவருக்குப் போதவில்லை. பேச்சுக்கு ஏங்குகிறவர் அவர். சந்தையில் கத்திரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரரின் மகள் கல்யாணம் வரை விசாரித்துவிட்டு, கத்திரிக்காயை மறந்து வருகிறவர். வரவர, பொழுது விடிந்தால் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக் குனிந்ததை அடுத்த வயலில் நின்ற இருவர் பார்த்தார்கள். பார்க்காமல் இருப்பதற்குக் கண்களைப் பழக்கியிருந்ததால், பார்த்ததையும் பார்க்காததாகவே எடுத்துக்கொண்டார்கள். சோற்றுத் தூக்கோடு வந்த அமிர்தம்தான் பயிருக்குள் கிடந்தவரைக் கண்டாள்.

அவள் அலறல் கேட்டதும் ஊரே ஓடிவந்தது. அன்பில் குறைவைத்த ஊரில்லை அது. கட்டில் கொண்டுவந்தார்கள். அவருடைய வயலில் கணுக்கால் அளவு ஈரச் சேறு. கட்டில் போட இடமில்லை. ஆகவே அடுத்த வயலில், காய்ந்து இறுகி வெடித்துக் கிடந்த தரையில், கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். வறட்சியைப் பற்றி எழுத மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு நிருபர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். வெடித்த மண், கட்டில், தலைவிரி கோலமாக ஒரு பெண். படம் எடுத்த பிறகுதான் அவர் கேட்டார்: “பயிர் காஞ்ச அதிர்ச்சியிலயா?” விவசாயிகள் சங்கச் செயலாளர் தெட்சிணாமூர்த்தி ஆமாம் என்றார். நிருபர் அமிர்தத்தின் பக்கம் திரும்பினார். அவள் தலை அசைந்தது. அது சம்மதமா, அழுகையில் தானாக ஆடியதா என்பது அவளுக்கே இன்றுவரை தெரியாது.

பொய் சொல்ல வேண்டும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. கட்டில் போட உலர்ந்த இடம் தேடினார்கள், அவ்வளவுதான். அந்த இடமே கதையாகிவிட்டது.

பிறகு கதை தன் காலில் நடந்தது. சாலை மறியலில் அது கோபமாக இருந்தது. மனுவில் ஏறியபோது காரணமும் விளைவும் கொண்ட இரண்டு பத்தியாக ஒடுங்கியது. பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் துரைராசு உயரமானார். தோளில் கலப்பைகூட வந்தது, வாழ்நாளெல்லாம் வாடகை டிராக்டரில் உழுதவருக்கு. மகள் மாலதிக்கு வரன் பார்த்தபோது, “எந்தக் குடும்பம் தெரியுதுல்ல?” என்ற கேள்விக்குப் பதிலாகவும் அதுவே போனது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்கூட அமிர்தத்தை ஒரு கணம் எழுந்து நின்று பார்த்தார். வாய்க்கால் தூர்வாரப்பட்டது. புது ஷட்டர் வந்தது. கதை ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அதை மறுக்க முடியாது.

அமிர்தமும் அதைச் சொன்னாள். வருடா வருடம் நினைவுநாளில் மைக்கைக் கொடுப்பார்கள். “என் வீட்டுக்காரரு பயிரைப் பிள்ளை மாதிரி வளர்த்தாரு” என்று தொடங்குவாள். எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அன்றைய வயலைச் சும்மா நினைத்துப்பார்த்தாள். வயல் பழுப்பாக வந்தது. கண்ணை மூடித் திறந்து மறுபடி நினைத்தாள். அப்போதும் பழுப்புதான். பச்சைப் பயிரை விலக்கிக்கொண்டு அவரைத் தூக்கியவள் அவள். தன் கண்ணால் கண்டதைத் தன் வாயே தின்றுவிட்டது என்று புரிந்தபோது, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடமும் மழை ஏமாற்றியது. ஐப்பசியில் முறைத்தண்ணீர் வைத்தார்கள். செந்தில்குமார் தன் முறைக்கு முன்பே ஷட்டரைத் தூக்கிவிட்டான். சிங்கப்பூரில் சில வருடங்கள் உழைத்துத் திரும்பி, சொந்த நிலத்தோடு குத்தகை நிலமும் சேர்த்து நட்டிருந்தவன். துரைராசுவுக்குத் தம்பி மகன் முறை. அன்றிலிருந்து ஊர் அவனோடு பேசவில்லை. அமிர்தமும் பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு மதியம், அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, செந்தில்குமாரின் மனைவி வேதவள்ளி கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். துரைராசு காலத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வாழ வந்தவள்.

“அத்தை, நீங்க பேச வேணாம். நான் பேசிட்டுப் போயிடறேன்.”

அமிர்தம் நிமிரவில்லை. கீரைக்காம்பு விரலிடையே நின்றது.

“அவரு சரியா சாப்பிட மாட்டேங்கறாரு அத்தை. விடிஞ்சா வயலுக்குப் போயி வரப்புல உக்காந்தா, பொழுது சாஞ்சுதான் வர்றாரு. இவ்ளோ நேரம் என்ன பண்ணுனீங்கன்னு கேட்டா, பயிரோட பேசிட்டிருந்தேங்கறாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு.”

வேலியோரம் ஒரு கோழி கீறிக்கொண்டிருந்தது. வேதவள்ளி அதைப் பார்த்தபடியே பேசினாள்.

“செஞ்சது தப்புதான், நான் இல்லேங்கல. அடிக்கட்டும். கால்ல விழச் சொல்லட்டும், அவருக்கு முன்னாடி நான் விழறேன். டீக்கடை மாமா நேத்து அவரை ஒரு வார்த்தை, நாயேன்னாவது, திட்டியிருந்தாருன்னா நான் கோயிலுக்கு நெய்விளக்கு போட்டிருப்பேன் அத்தை.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணுதான் தைரியம். பெரிய மாமாவுக்குப் பயிரு காஞ்சுபோச்சு, தாங்க முடியாம போயிட்டாங்க. எங்களுக்குப் பயிரு பச்சையாத்தானே நிக்குது? பச்சைப் பயிரை வச்சுக்கிட்டு எவனாவது சாவானா? ராத்திரியெல்லாம் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கறேன்.”

முறத்திலிருந்த கீரை மடியில் சரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள், வேதவள்ளி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அமிர்தம் ஒன்றை மட்டும் கவனித்தாள். வீட்டு வாசலில் நின்றால் செந்தில்குமாரின் வரப்பு தெரியும். அவன் காலையில் உட்காரும்போது முதுகு நேராக இருக்கும். நேரம் ஆக ஆக, யாரோ மேலிருந்து அழுத்துவதுபோல வளையும். அந்த வளைவு அவளுக்குத் தெரிந்த வளைவு.

நினைவுநாளுக்கு முந்தைய சனிக்கிழமை மாலதி வந்தாள். மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. இந்த வருடம் ஷட்டருக்குப் பக்கத்தில் துரைராசுவுக்குக் கல் நடுவதாகச் சங்கம் முடிவு செய்திருந்தது. அதில் பொறிக்கும் வரியை எழுதித் தரும் பொறுப்பு மகளுடையது.

“கேளும்மா. ‘கருகிய பயிர்கண்டு கலங்கித் தன்னுயிர் ஈந்த உழவர் துரைராசு.’ எப்படி இருக்கு?”

“பயிர் வேணாம்.”

“என்னது?”

“கல்லுல பயிர் வேணாம்டி. பேரும் நாளும் போட்டாப் போதும்.”

“பேரும் நாளும் மட்டும் போட இது என்ன ஆதார் கார்டா? தெட்சிணாமூர்த்தி மாமா நாலு தடவை போன் பண்ணிட்டாரு, ‘கண்ணு, படிச்சா கண்ணுல தண்ணி வரணும்’னு.”

மாலதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அன்னைக்கு ஹாஸ்டல்லேருந்து ஓடிவந்தேன். அப்பா வேட்டிக்கரையில சேறு, ஈரச் சேறு. அவரைச் சுத்தி பூரா வெடிச்ச மண்ணு. அந்தச் சேறு எங்கேருந்தும்மா வந்துச்சு? அன்னைக்கே நான் அதைக் கேட்டிருக்கணும். கேக்கல.”

“அப்ப எதுக்குடி இதை எழுதுற?”

“வேற என்ன எழுதட்டும்? ‘முறை மீறித் தண்ணி எடுத்தவர்’னா? அதைச் சொன்னா அப்பாகிட்ட மிஞ்சுறது அது ஒண்ணுதான். எங்க வீட்டுல மாமியார் அப்பா படத்துக்குத் தனியா பூ வைக்கிறாங்க. என் பொண்ணு மேடையில தாத்தாவைப் பத்திப் பேசி கப் வாங்கிட்டு வர்றா. நாளைக்கு இந்த ஊரு தூர்வாரணும்னு மனு கொண்டுபோனா, ‘போய்யா, உங்க கதையே பொய்’னு மூஞ்சில அடிப்பான். அது கதை இல்லம்மா. அதுதான் இப்ப அப்பா.”

“அதைத்தான்டி நானும் சொல்றேன்.” அமிர்தத்தின் குரல் தாழ்ந்தது. “கண்ணை மூடினா எனக்கு அவரு முகம் வர்றதில்ல. பேப்பர்ல வந்த போட்டோதான் வருது. அவரு எப்படிப் பேசுவாருன்னு யோசிக்கிறேன். நான் மைக்ல பேசறதுதான் காதுல கேக்குது.”

மாலதி அழுதாள். அழுகையினூடே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த முகத்தைத் தேடுறேன்னு, மிச்சம் இருக்கிறதையும் அழிச்சிடாதம்மா” என்றாள்.

“செந்தில் வரப்புல உக்காந்திருக்கான்டி.”

“பொங்கலுக்குள்ள பேசிடுவாங்கம்மா. சின்ன வயசு, தாங்கிப்பான்.”

உன் அப்பாவும் தாங்கிக்கொள்வார் என்றுதான் ஊர் நினைத்தது என்ற மறுமொழி அமிர்தத்திடம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மகள் இத்தனை வருடம் நின்றுகொண்டிருந்த தரை சரிந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டாள்.

நினைவுநாள் காலை ஷட்டரருகே சாமியானா போட்டிருந்தார்கள். புங்கமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் வயல்வெளியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. புதுக் கல்லின் மேல் மஞ்சள் துணி. மாலதியின் வரி அதற்கடியில் இருந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. வெளியூர்ச் சங்கத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். அமிர்தம் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி பேசிக்கொண்டார்கள்.

“டேய், அங்க பாரு, சிங்கப்பூர்க்காரரு இன்னைக்கும் டூட்டியில இருக்காரு.”

“கொக்குக்குப் பேச்சுத்துணை.”

“பாவம்டா. என்ன இருந்தாலும்…”

“என்ன பாவம்? சோறு இல்லேன்னோமா, தண்ணி இல்லேன்னோமா? நம்மூர்ல பயிரு காஞ்சு செத்திருக்காங்க. யாரும் பேசலேன்னு எவன்டா செத்தான்?”

இருவரும் சிரித்தார்கள். அதில் வன்மம் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதையின்படி அவர்கள் சொன்னது சரி. அமிர்தம் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே, மூன்று வயல் தள்ளி, பச்சைப் பயிருக்கு நடுவில் ஒரு முதுகு தெரிந்தது. காலை வெயில் இன்னும் ஏறவே இல்லை. அதற்குள் அது வளைந்திருந்தது.

தெட்சிணாமூர்த்தி பேசினார். நன்றாகவே பேசினார். வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு மைக்கை அமிர்தத்தின் உயரத்துக்கு இறக்கிவைத்து, குனிந்து சொன்னார்: “எப்பவும் சொல்றதுதான் தங்கச்சி. ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத் துணியை எடுத்துடு.”

அவள் எழுந்து நின்றாள்.

“என் வீட்டுக்காரரு பயிரைப் பிள்ளை மாதிரி வளர்த்தாரு.”

அவள் எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். பெண்களின் கைகள் முந்தானைக்குப் போயின. அடுத்த வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். சிலருடைய உதடுகள் அதற்குத் தயாராகவும் இருந்தன. அமிர்தத்துக்கும் அது நாக்கில் வந்து நின்றது. அத்தனை வருடப் பழக்கத்தில் தானாகவே வந்துவிடக்கூடியது. அவள் அதை விழுங்கினாள்.

“அந்தப் பயிரு காயல. அவரு போன அன்னைக்கு எங்க வயல் பச்சையா இருந்துச்சு.”

ஒலிபெருக்கி அதை வயல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இரைந்தது. தெட்சிணாமூர்த்தி ஓர் அடி முன்னால் வந்தார்.

“தங்கச்சி, வெயில் ஒத்துக்கல போல. வா, உக்காரு.”

“வெயில் இல்லண்ணே. அன்னைக்கு நான் சோறு கொண்டுவந்தப்ப நீங்க பக்கத்து வயல்ல நின்னீங்க. அவரு நெஞ்சைப் பிடிச்சதை நீங்க பாத்தீங்க. உங்களைக் குத்தம் சொல்லல. பேசக்கூடாதுன்னு இருந்துச்சு, நீங்க வரல.” மைக்கின் கழுத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். “முறையை மீறித் தண்ணி எடுத்தாரு. எடுத்தது தப்பு. அதுக்காக ஊரு பேசல. அந்த மனுசனுக்குப் பேசாம இருக்கத் தெரியாது. பயிரு செழிப்பா இருந்துச்சு. அதுக்கு நடுவுல அவரு செத்தாரு. தண்ணியில்லாம சாகல.”

தெட்சிணாமூர்த்தியின் நீட்டிய கை பாதியில் நின்றது. அவர் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்த இளைஞர்களில் ஒருவன் தண்ணீர் பாட்டிலை மூடத் தெரியாதவன்போல மூடியைத் திருகிக்கொண்டேயிருந்தான். மாலதி எழுந்தாள். அம்மாவிடம் வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இரண்டு அடி வைத்தவள், கல்லைப் பார்த்து நின்றுவிட்டாள். கூட்டத்தின் ஓரத்தில், யாரும் பக்கத்தில் நிற்காத இடத்தில், வேதவள்ளி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். தன்னிடமிருந்த ஒரே தைரியம் பறிபோன முகம்.

வரப்பில் அந்த முதுகு நிமிர்ந்திருந்தது. முகம் சாமியானாப் பக்கம் திரும்பியிருந்தது. இவ்வளவு தூரத்தில் கண் தெரியவில்லை.

அமிர்தம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மைக்கை வயலை நோக்கித் திருப்பினாள். குரல் உடைந்துவிடாமல், வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற குரலில் கேட்டாள்:

“செந்திலு… பெரியம்மா பேசறேன்டா தம்பி. சாப்பிட்டியா?”